கல்லுக்கேற்ற வெளிச்சம்

நுழையும்முன்

கருவி வாங்கச் செல்பவர் முதலில் விலையைக் கேட்பார். அக்கருவி எந்த வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்தவருக்கே விலையின் பொருள் விளங்கும். பழைய படச்சுருள் கேமராவுக்குக் குறைந்த விலையில் கையடக்கப் பிளாஷ் விளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் அந்த விளக்கு ஒளியூட்டப்போவது ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சிற்பத்தையும் கல்வெட்டையும் என்னும்போது, அத்தேர்வில் கணிதமும் வரலாறும் பண்பாடும் ஒன்றுசேர்கின்றன. அவ்வாறு ஒன்றுசேரும் விதத்தை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

இருளில் நிற்கும் சிற்பங்கள்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் அமைந்துள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் சமய வாழ்வில் தலைமையிடம் பெற்ற ஊர். ஜினகாஞ்சி மடம் இங்குதான் உள்ளது. பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரம் ஊருக்குள் வருவோரை முதலில் எதிர்கொள்கிறது. இங்குள்ள மல்லிநாதர் கோயில் அதனினும் பழமையானது. அக்கோயிலில் பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை முதலிய உருவங்கள் பாறையில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பர் ஆய்வாளர்.

பார்சுவநாதரின் தலைக்குமேல் பாம்பு படம் விரித்து நிற்கும். தவத்தில் அசையாது நின்ற பாகுபலியின் கால்களில் கொடிகள் சுற்றிப் படர்ந்திருக்கும். இவை சமணச் சிற்பக்கலையின் அடையாளங்கள். பாம்பின் படம் ஆழமாகச் செதுக்கப்படும்; கொடியோ மேலோட்டமாகவே செதுக்கப்படும். கோயிலின் உட்புறத்திற்கு வாயில் வழியாக வரும் பகல்வெளிச்சம் சிற்பங்களை நேராகச் சென்று தொடுகிறது. குழல்விளக்கின் ஒளி எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவுகிறது. இரண்டிலும் நிழல் விழாது. நிழல் விழாத இடத்தில் ஆழமும் தெரியாது. கொடி பாறையோடு பாறையாகிவிடும்.

முக்காலியில் கேமராவைப் பொருத்திப் பல நொடிகள் ஷட்டரைத் திறந்துவைத்தால் இருட்டிலும் படம் கிடைக்குமே, பிளாஷ் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நீண்ட நேரம் திறந்துவைப்பதால் வெளிச்சத்தின் அளவு கூடும். அது வரும் திசை மாறாது. திசையை மனிதர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளத்தான் தனி விளக்கு தேவைப்படுகிறது.

ஒளியைத் தேடிய வரலாறு

இத்தேவையைப் புகைப்படக்கலை தன் தொடக்கக் காலத்திலேயே உணர்ந்தது. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் 1857, 1858ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவருக்குக் கிடைத்த விளக்கு கதிரவன் ஒன்றே.

பாரிசு நகரின் நிலத்தடி எலும்புக் காப்பறைகளை நாடார் என்னும் பெயரால் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் 1861இல் மின்கலங்களால் எரியும் வில்விளக்கைக் கொண்டு படமெடுத்தார். 1865இல் வானியலாளர் பியாசி ஸ்மித், மக்னீசியத்தை எரித்து எகிப்தியப் பெரும் பிரமிடின் உட்புறத்தைப் படம்பிடித்தார். 1887இல் செருமனியில் பிளாஷ் பொடி உருவானது. அது வெளிச்சத்தோடு புகையையும் தீயையும் தந்தது. 1929இல் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்பு ஒரு படத்திற்குத்தான் பயன்படும். 1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன் மின்னணுப் பிளாஷை வளர்த்தெடுத்தார். ஒரே குழல் ஆயிரக்கணக்கான முறை ஒளிரும் என்னும் நிலை அதன்பின் ஏற்பட்டது. பிரமிடுக்குள் மக்னீசியம் செய்த வேலையை இன்று நான்கு சிறு பேட்டரிகளில் இயங்கும் விளக்கு செய்கிறது.

கேமராவின் இயல்பு

120 எனப்படும் படச்சுருளைக் கோடாக் நிறுவனம் 1901இல் அறிமுகப்படுத்தியது. அச்சுருளைப் பயன்படுத்துபவை நடுத்தர அளவுக் கேமராக்கள். தமிழகத்து ஸ்டுடியோக்களில் பல்லாண்டுகள் கோலோச்சிய இரட்டை லென்சுக் கேமராக்கள் இவ்வகையைச் சார்ந்தவை. உதகமண்டலத்தில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள்களை உற்பத்தி செய்தது. ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அக்கேமராக்கள் பழைய பொருள்களாகக் கைமாறின. இன்று ஒருவருக்கு அவை குறைந்த விலையில் கிடைக்கவும் கூடும்.

அவற்றின் சிறப்பு எதிர்ப்படத்தின் பரப்பில் இருக்கிறது. பக்கத்திற்கு 56 மில்லிமீட்டர் உள்ள சதுரப் படம், வழக்கமான 35 மில்லிமீட்டர் சுருளின் படத்தைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. உளித்தடம்கூட அதில் பதியும். முறையாகக் காக்கப்படும் கருப்பு வெள்ளை எதிர்ப்படம் பல பத்தாண்டுகள் நிலைக்கும். அதைக் காண மின்சாரமோ மென்பொருளோ தேவையில்லை.

இச்சிறப்புக்கு ஒரு விலை உண்டு. பெரிய படத்திற்கு நீண்ட குவியத்தூரம் கொண்ட லென்சு வேண்டும். லென்சு நீண்டால் தெளிவாகப் பதியும் ஆழம் குறையும். சிற்பத்தின் மூக்கு தெளிவாக இருக்க, காது மங்கிப்போகும். இதைச் சரிசெய்ய லென்சின் துளையை எஃப் 11, எஃப் 16 என்னும் அளவுக்குச் சுருக்க வேண்டும். துளை சுருங்கினால் வெளிச்சம் மிகுதியாகத் தேவைப்படும். ஒரு சுருளில் கிடைப்பவை 12 படங்களே. எடுத்த படத்தை உடனே பார்க்கவும் இயலாது. ஆகவே இக்கேமராவுக்கு வாங்கும் விளக்கு கணக்குக்குக் கட்டுப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஒளி தர வேண்டும்.

ஷட்டரின் வகையையும் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. இரட்டை லென்சுக் கேமராக்களில் ஷட்டர் லென்சுக்குள்ளேயே இதழ்களாக அமைந்திருக்கும். எந்த வேகத்திலும் இதழ்கள் முழுமையாகத் திறப்பதால் 1/500 நொடியிலும் பிளாஷ் முழுப் படத்திலும் பதியும். படச்சுருளுக்கு முன்னால் திரைபோல் ஓடும் ஷட்டர் உள்ள கேமராக்களில் இது இயலாது. பெண்டாக்ஸ் 6×7 கேமராவில் 1/30 நொடிக்குமேல் வேகம் வைத்தால் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும்.

பழைய கேமராக்கள் பலவற்றில் எம், எக்ஸ் என்னும் இரு நிலைகள் கொண்ட சிறு நெம்புகோல் இருக்கும். எம் என்பது பிளாஷ் பல்புக்குரியது. பல்பு முழு ஒளி பெறச் சிறிது நேரம் ஆகுமாதலால், ஷட்டர் அதுவரை காத்திருந்து திறக்கும். மின்னணுப் பிளாஷோ கண்ணிமைப்பதற்குள் ஒளிர்ந்து அணைந்துவிடும். நெம்புகோல் எம் நிலையில் இருந்தால், ஒளி அணைந்த பின்னரே ஷட்டர் திறக்கும். சுருள் முழுவதும் வெறுமையாகும். விலையுயர்ந்த விளக்கும் இங்கே உதவாது. எக்ஸ் நிலையில் வைப்பதற்குக் காசு செலவில்லை.

வழிகாட்டு எண்

பிளாஷின் ஆற்றலைக் கூறும் அளவு ‘வழிகாட்டு எண்’ எனப்படும். பொருளுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள தூரத்தை லென்சின் துளை எண்ணால் பெருக்கினால் வருவதே அந்த எண். ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறன் உள்ள சுருளுக்கு ஒரு விளக்கின் வழிகாட்டு எண் மீட்டர் அளவில் 32 எனில், 4 மீட்டர் தூரத்திற்கு 32ஐ 4ஆல் வகுத்து எஃப் 8 என வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 400 சுருளைப் பயன்படுத்தினால் எண் இரட்டித்து 64 ஆகும். அதே தூரத்திற்கு எஃப் 16 வைக்கலாம். உணர்திறன் மிகுந்த சுருளை வாங்குவது, இருமடங்கு வழிகாட்டு எண் உள்ள விளக்கை வாங்குவதற்குச் சமம் என்பது இதனால் விளங்கும். ஆனால் அச்சுருளில் மணித்தன்மை கூடுதலாக இருக்கும். நடுத்தர அளவுப் படத்தின் பரப்பு அக்குறையைப் பெருமளவு மறைத்துவிடும்.

வாங்குவோர் இரு இடங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முதலாவது, எண் அடியில் சொல்லப்பட்டதா, மீட்டரில் சொல்லப்பட்டதா என்பது. 1970களில் புகழ்பெற்ற விவிடார் 283 விளக்கின் வழிகாட்டு எண் அடியில் 120. மீட்டரில் ஏறத்தாழ 36. இரண்டாவது, அந்த எண் எந்த ஒளிவிரிவுக்கு உரியது என்பது. கோடாக்ஸ் டிடி600 என்னும் இக்கால விளக்குக்கு 60 என்று குறிக்கப்பட்டுள்ளது. அது ஒளிக்கற்றையை 200 மில்லிமீட்டர் லென்சுக்கு ஏற்பக் குறுக்கும்போது கிடைப்பது. சிற்பம் முழுவதையும் தழுவும்படி விரிக்கும்போது எண் வெகுவாகக் குறையும். பெட்டியின்மேல் உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர், தமக்குத் தேவையில்லாத குறுகிய கற்றைக்கு விலை கொடுக்கிறார்.

புதிய கேமராக்களோடு பேசித் தானே ஒளியை அளவிடும் பிளாஷ்களின் விலை மிகுதி. பழைய கேமராவுக்கு அந்த மொழி தெரியாது; ஆதலால் அவ்வசதிக்குப் பணம் கொடுப்பது வீண். கையால் ஆற்றலை முழுமை, பாதி, கால் என்று மாற்றும் எளிய விளக்கே போதும். இத்தகையவை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பழைய விளக்காயின் இன்னும் குறையும். ஆயினும் நெடுங்காலம் பயன்படாத விளக்கின் மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம். வாங்குமுன் பலமுறை ஒளிரச்செய்து, மீண்டும் மின்னேற்றம் பெற எவ்வளவு நேரம் எடுக்கிறது எனப் பார்த்தல் வேண்டும். சில பழைய விளக்குகளின் இணைப்பு முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். இயந்திர ஷட்டர் அதைத் தாங்கும். மின்னணுக் கேமரா பழுதாகக் கூடும். அணைத்துவைத்த பிளாஷின் உள்ளேயும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதால் அதைத் திறந்து பார்த்தல் உயிருக்கே ஆபத்து.

> தெரியுமா?
> ஒளிமூலத்திலிருந்து தூரம் இருமடங்கானால் பொருளின்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். இது எதிர்விகித இருமடி விதி எனப்படும். வழிகாட்டு எண்ணின் எளிய வகுத்தல் கணக்கு இவ்விதியின் அடிப்படையிலேயே அமைந்தது.

பொறுமையே ஆற்றல்

ஆற்றல் குறைந்த விளக்கு ஒன்றே கையில் உள்ளது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வழிகாட்டு எண் 20. சிற்பத்திலிருந்து 2.5 மீட்டர் தூரத்தில் விளக்கைப் பிடித்தால் எஃப் 8 கிடைக்கும். ஆனால் தேவைப்படுவது எஃப் 16. துளை இரண்டு படி சுருங்குவதால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். நான்கு மடங்கு ஆற்றல் உள்ள விளக்கின் விலை பலருக்கு எட்டாது.

இங்கே கல்லின் அசையாத் தன்மை துணைக்கு வருகிறது. கேமராவை முக்காலியில் உறுதியாகப் பொருத்தி, ஷட்டரை பி என்னும் நிலையில் திறந்துவைத்து, அதே இடத்திலிருந்து அதே விளக்கை நான்கு முறை ஒளிரச்செய்தால் நான்கு மடங்கு வெளிச்சம் சுருளில் சேரும். வழிகாட்டு எண் 20, 40 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னேறும்வரை லென்சைக் கருப்பு அட்டையால் மூடிவைத்தால் சுற்றுப்புற வெளிச்சம் புகாது. விளக்கிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினாலே போதுமாதலால், கேமராவையும் விளக்கையும் இணைக்கும் கம்பிகூடத் தேவையில்லை.

மனிதரைப் படமெடுப்பவர்க்கு இவ்வழி இல்லை. மடத்தில் கூடும் அடியவரையோ தேரை இழுக்கும் கூட்டத்தையோ பதிவு செய்ய ஒரே ஒளிர்வில் முழு வெளிச்சமும் வேண்டும். அவர் ஆற்றல் மிகுந்த விளக்குக்குப் பணம் செலவிடத்தான் வேண்டும். அசையாத கல்லைப் படமெடுப்பவர் பணத்திற்குப் பதிலாக நேரத்தைச் செலவிடலாம். எந்த விளக்கு நல்லது என்பதைவிட, எதைப் படமெடுக்கப்போகிறோம் என்பதே முதற்கேள்வி என்பது இதனால் பெறப்படும்.

பக்கத்திலிருந்து வரும் ஒளி

விளக்கைக் கேமராவின் தலைமேலேயே பொருத்திப் படமெடுப்பது பொதுவழக்கம். கல்வெட்டுக்கு அதைவிடத் தீங்கான முறை வேறில்லை. நேராகச் செல்லும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக நிரப்பி எழுத்தை அழித்துவிடும். எண்ணெய் பூசிய கருங்கல்லில் அது கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவந்து வெண்புள்ளியாகப் பதியும். விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்து, கல்லின் பரப்பை உரசிச் செல்வதுபோல் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு கோடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஈரத்தாளை ஒற்றி மைதடவி எடுக்கும் மைப்படி, எழுத்தைக் கல்லிலிருந்து தொட்டு எடுக்கிறது. பக்கவாட்டு ஒளி கல்லைத் தொடாமலே அதை எடுத்துக்காட்டுகிறது. எழுத்தாணியால் கீறி மையிடாது விடப்பட்ட ஓலைச்சுவடிக்கும் இவ்வொளி உதவும்.

பக்கவாட்டு ஒளியிலும் கணக்கு உண்டு. 1 மீட்டர் அகலமுள்ள கல்வெட்டின் அருகு விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி விளக்கை வைத்தால், தொலை விளிம்பு 2 மீட்டரில் இருக்கும். அங்கே விழுவது கால் பங்கு வெளிச்சமே. விளக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால் தொலை விளிம்பு 4 மீட்டரில் இருக்கும்; அங்கே பாதிக்கும் மேலான வெளிச்சம் கிடைக்கும். விளக்கு தள்ளிப்போகும்போது குறையும் ஆற்றலை, முன்சொன்னவாறு பலமுறை ஒளிரச்செய்து ஈடுகட்டலாம். நிழல் அளவுக்கு மீறிக் கறுத்தால், எதிர்ப்பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தால் அது ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலை மென்மையாக்கும். கடையில் விற்கும் எதிரொளிப்பான் செய்யும் வேலையும் அதுவே.

ஒளி செல்லும் திசையிலேயே கிடக்கும் கோட்டுக்கு நிழல் விழாது. எனவே ஒரே கல்வெட்டை இடப்புறத்திலிருந்து ஒருமுறையும் மேற்புறத்திலிருந்து ஒருமுறையும் ஒளியூட்டி இரண்டு படங்கள் எடுத்தல் நன்று. ‘கல்’ என்பதும் ‘கால்’ என்பதும் ஒரே ஒரு குறியால் வேறுபடுகின்றன. கல்லின் வெடிப்பு ஒன்று அக்குறியாகத் தோன்றலாம். உண்மையான குறி வெடிப்பாகக் கருதப்பட்டு விடுபடலாம். இரு திசைப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அத்தகைய ஐயத்தைப் பெரிதும் தீர்த்துக்கொள்ள முடியும்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்று இதற்கு நல்ல சான்று. அங்கே ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசைகளில் அமர்ந்துள்ளனர். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல்வெட்டும் அங்குள்ளது. தமிழ் எழுத்து வளர்ச்சியில் ‘ஐ’ என்னும் எழுத்து இடம்பெற்ற மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாக அறிஞர் அதைப் போற்றுவர். ஓர் எழுத்தின் வரலாறே சில கீறல்களின் தெளிவைப் பொறுத்திருக்கிறது. திறந்தவெளியில் கதிரவனே பெருவிளக்கு. ஆனால் அது சாய்ந்து விழும் நேரம் சிறிது. இங்கே இதழ் ஷட்டரின் பயன் வெளிப்படும். ஐ.எஸ்.ஓ. 100 சுருளில் 1/500 நொடிக்கு நல்ல வெயிலின் அளவு எஃப் 8. வழிகாட்டு எண் 32 உள்ள சிறு விளக்கை 2 மீட்டரில் பிடித்தால் எஃப் 16 கிடைக்கும். அதாவது வெயிலைவிட நான்கு மடங்கு ஒளியை அது எழுத்தின்மேல் வீசும். உச்சி வெயிலிலும் எழுத்துக்கு வேண்டிய நிழலை அவ்விளக்கு உண்டாக்கிவிடும்.

அனுமதியும் அடக்கமும்

மேல்சித்தாமூர்க் கோயில்கள் வழிபாடு நடைபெறும் இடங்கள். அங்கே படமெடுக்க விரும்புவோர் மடத்தாரிடமும் கோயிலாரிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுதல் கடமை. வழிபாட்டு நேரத்தில் ஒளிரும் பிளாஷ், ஒருமனப்பட்டு நிற்போரின் உள்ளத்தைக் கலைக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். பழைய வண்ண ஓவியங்கள் உள்ள இடங்களில் பிளாஷை அறவே தவிர்த்தல் வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணமோ மாவோ தடவுதலும், கம்பியால் கீறிச் சுரண்டுதலும் கல்லுக்குச் செய்யும் கேடு. பக்கவாட்டு ஒளி அவற்றுக்குத் தேவையே இல்லாமல் செய்கிறது.

செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் வரிசையில் இடம்பெற்றது. கோட்டையைக் காண வருவோர் பல்லாயிரவர். அதைச் சூழ்ந்த சிற்றூர்களின் பாறைச் சிற்பங்களைக் காண்போர் சிலரே. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. தமிழகச் சமணத் தலங்களையும் படங்களோடு ஆவணப்படுத்தியுள்ளது. ஆயினும் கல் ஆண்டுதோறும் தேய்கிறது. ஒருமுறை எடுத்த படம் அன்றைய நிலையை மட்டுமே கூறும்.

ஆகவே எடுத்த ஒவ்வொரு படத்தோடும் நாள், நேரம், சுருளின் உணர்திறன், துளை எண், விளக்கு நின்ற திசை, தூரம், எத்தனை முறை ஒளிர்ந்தது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் அதே இடத்தில் நின்று, அதே திசையில் விளக்கைப் பிடித்து, அதே அளவில் படமெடுத்து ஒப்பிட்டால், பாகுபலியின் காலில் படர்ந்த கொடியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும். அவர் கையில் இருக்கும் விளக்கின் விலை எதுவாயினும், இக்குறிப்பு அவருக்கு உதவும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கல்வெட்டு அல்லது நடுகல் ஒன்றை உரியவர் அனுமதியுடன் மாலை நேரத்தில் காண்க. கைவிளக்கின் ஒளியை நேராகவும் பக்கவாட்டிலும் பாய்ச்சி, எழுத்துகள் தோன்றும் வேறுபாட்டைக் குறிப்பெடுக்க.

2. வழிகாட்டு எண் 24 உள்ள விளக்கை 3 மீட்டர் தூரத்தில் பயன்படுத்தும்போது வைக்க வேண்டிய துளை எண்ணைக் கண்டறிக. எஃப் 16 வேண்டுமெனில் விளக்கை எத்தனை முறை ஒளிரச்செய்ய வேண்டும் என வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘பழைய ஒளிப்படங்களும் ஊர் வரலாறும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.